மாடிச் சூடும் அட்டிக் ஃபேனும்: எதற்குப் பணம் போடலாம்?

2023இல் ஆஸ்டின் நகரில் ஜூலை 8 தொடங்கி ஆகஸ்ட் 21 வரை, ஒரு நாள்கூட விடாமல் 45 நாட்கள் வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டியது. டல்லாஸ்காரர்களுக்கு 2011 மறக்காது. அந்த ஆண்டில் 100ஐத் தொட்ட நாட்கள் மொத்தம் 71. இப்படிப்பட்ட கோடைகளில்தான், டெக்சஸ் புறநகர்களில் இரண்டடுக்கு வீடு வாங்கிய நம்மவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: ஏசி ஓயாமல் ஓடியும், கீழ்த்தளம் குளிர்ந்து கிடந்தும், மாடி அறைகள் மட்டும் ஏன் மாலை ஐந்து மணிக்குப் புழுங்குகின்றன?

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வாசலுக்கே வந்து அழைப்பு மணி அடிப்பவர்கள் உண்டு. அவர்களுடைய விடை எப்போதும் ஒன்றுதான்: அட்டிக் ஃபேன். சாய்ந்த கூரைக்கும் படுக்கையறைச் சீலிங்குக்கும் நடுவில் உள்ள வெளியான அட்டிக்கில் அடைபட்டிருக்கும் காற்று 130 டிகிரிக்குச் சூடேறிக் கிடக்கிறது. கூரையில் துளை போட்டு ஒரு விசிறியைப் பொருத்தி அதை வெளியே தள்ளிவிட்டால் வீடு தானாகக் குளிரும் என்பார்கள். கையில் ஒரு வெப்பமானியும் இருக்கும். ஃபேன் போடுவதற்கு முன் அட்டிக் எவ்வளவு, போட்ட பின் எவ்வளவு என்று காட்டுவார்கள். 20 டிகிரி, சில வீடுகளில் 30 டிகிரிகூட இறங்கும். அந்த அளவீடு பொய்யில்லை. ஆனால் நமது அட்டிக்கில் குடியிருப்பவை கொலுப் பொம்மைப் பெட்டிகளும் பழைய சூட்கேஸ்களும்தான். அவற்றுக்கு எவ்வளவு குளிர்ந்தது என்பதை வைத்து நாம் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இந்த யோசனை நமக்குச் சட்டென்று பிடித்துப்போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கோயம்புத்தூர்ப் பட்டறைகளிலும் ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளிலும் தகரக் கூரையின் மேல் காற்றில் சுழலும் உருளைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அங்கே அவை பலிக்கின்றன. ஏனென்றால் வேலை செய்பவர்களுக்கும் கூரைக்கும் நடுவில் எந்தத் தடுப்பும் கிடையாது. தலைக்கு மேல் திரளும் சூடான காற்று அவர்களுடைய காற்றே. அமெரிக்க வீட்டில் நடுவே சீலிங் இருக்கிறது, அதன்மேல் சூட்டைத் தடுக்கும் பஞ்சு போன்ற இன்சுலேஷன் இருக்கிறது, அதற்குக் கீழே காசு கொடுத்துக் குளிர்வித்த காற்று இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து கணக்கையே மாற்றிவிடுகின்றன.

சூடு எந்த வழியில் இறங்குகிறது

ஜூலை மாத மதியத்தில், கூரையை மூடும் கருநிற ஆஸ்ஃபால்ட் ஷிங்கிள் 160 டிகிரி வரை போகும். அதன் கீழே ஆணியடித்திருக்கும் பலகையும் ஏறக்குறைய அதே சூட்டில் காயும். அந்தப் பலகை அட்டிக்கில் உள்ள காற்றைச் சூடாக்குவது ஒரு பங்குதான். பெரும்பங்கு வெப்பம், காற்றைப் பொருட்படுத்தாமல், கதிர்வீச்சாக நேரே கீழே உள்ள இன்சுலேஷன் மேல் விழுகிறது. ஃபேன் காற்றை மாற்றும். பலகையின் சூட்டை அவ்வளவாக மாற்றாது. எனவே காற்றின் வெப்பநிலை 20 டிகிரி இறங்கியதாக மானி காட்டினாலும், சீலிங் வழியே கீழே இறங்கும் வெப்பம் அதே விகிதத்தில் குறைந்துவிடுவதில்லை.

இது தவிர இன்னும் இரண்டு வழிகள் உண்டு. டெக்சஸில் பெரும்பாலும் நிலவறை கிடையாது. பெரும்பாலான வீடுகள் கான்கிரீட் பலகையின் மேல் நேரே நிற்பவை. ஆகவே குளிர்காற்றைக் கொண்டுசெல்லும் டக்ட் குழாய்களும், பல வீடுகளில் ஏசியின் உள் இயந்திரமுமே அட்டிக்கில்தான் இருக்கின்றன. 55 டிகிரியில் புறப்படும் காற்று, 130 டிகிரி வெளியின் நடுவே, ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோ தடிமனான உறைக்குள் பயணம் செய்கிறது. இணைப்புகளில் கசிவும் இருக்கும். டக்டில் ஓடும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை கசிவிலும் ஓட்டைகளிலும் வீணாவது சாதாரணம் என்று அமெரிக்க அரசின் எனர்ஜி ஸ்டார் திட்டமே சொல்கிறது. இன்னொரு வழி சீலிங்கில் உள்ள துளைகள்: குழி விளக்குகள், குளியலறை விசிறியைச் சுற்றியுள்ள இடைவெளி, தண்ணீர்க் குழாய்கள் ஏறும் பொந்துகள், அட்டிக்குக்கு ஏறும் மடிப்பு ஏணியின் கதவு.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம்

மாடியின் சீலிங் 1,500 சதுர அடி என்று வைத்துக்கொள்வோம். வீடு பழையது, இன்சுலேஷன் ஆறேழு அங்குலம், அதாவது வெப்பத்தைத் தடுக்கும் திறனைச் சொல்லும் ஆர் மதிப்பில் ஏறத்தாழ ஆர்-19. அட்டிக் 130 டிகிரி, அறை 75 டிகிரி. வித்தியாசம் 55. பரப்பை வித்தியாசத்தால் பெருக்கி ஆர் மதிப்பால் வகுத்தால் மணிக்கு 4,300 பி.டி.யூ. (வெப்பத்தை அளக்கும் அலகு) சொச்சம் வருகிறது. ஒரு டன் ஏசி என்பது மணிக்கு 12,000 பி.டி.யூ. ஆக, சீலிங் வழியே இறங்குவது ஒரு டன்னில் மூன்றில் ஒரு பங்குதான்.

இப்போது ஃபேன் அட்டிக்கை 20 டிகிரி இறக்கிவிட்டது என்று, விற்பவர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்வோம். மிச்சமாவது மணிக்கு 1,580 பி.டி.யூ. கடும் வெயிலில் ஓடும் ஏசி, ஒரு வாட் மின்சாரத்துக்குப் பத்து பி.டி.யூ. அளவில் வெப்பத்தை வெளியேற்றும். அப்படியானால் ஏசியில் மிச்சம் 160 வாட். டக்ட் குழாய்களுக்கும் கொஞ்சம் நன்மை இருக்கும். அதற்குத் தாராளமாக இன்னொரு 100 வாட் சேர்த்துக்கொள்ளலாம். மொத்தம் 260. கூரையில் பொருத்தும் மின்விசிறி தன் பங்குக்குச் சாப்பிடுவது பொதுவாக 200 முதல் 400 வாட். இடது கையில் வாங்கி வலது கையில் கொடுத்த கதைதான். சுமாராக 300 வாட்டில் தினமும் பத்து மணி நேரம், கோடையில் 120 நாட்கள் ஓடினால் 360 யூனிட். யூனிட்டுக்கு 15 சென்ட் என்றால் 54 டாலர், ஃபேனுக்கு மட்டும்.

அதே வீட்டில் ஃபேனே போடாமல், இன்சுலேஷனை ஆர்-49க்கு உயர்த்தினால்? 4,300 என்பது 1,700க்கு இறங்கும். ஏசியில் மிச்சம் 260 வாட்டுக்கு மேல். அதற்கு மின்சாரம் வேண்டாம், மோட்டார் வேண்டாம், ஜனவரிக் குளிரிலும் அது சேர்த்தே வேலை செய்யும். ஆர்-49 போட்ட வீட்டில் அதற்குப் பிறகு ஃபேனும் வைத்தால், சீலிங்கில் மிச்சமாவது வெறும் 60 வாட். நல்ல இன்சுலேஷன் உள்ள வீட்டில் ஃபேனுக்கு வேலையில்லை. மோசமான இன்சுலேஷன் உள்ள வீட்டில் வேறு வேலை காத்திருக்கிறது.

இவை தோராயக் கணக்குகள். அட்டிக்குக்கு அட்டிக், கூரையின் திசைக்குத் திசை, எண்கள் மாறும். ஆனால் எந்தப் பக்கம் சாயும் என்பது மாறாது.

ஃபேன் இழுக்கும் காற்று யாருடையது

மின்கட்டணத்தைவிட எனக்குக் கவலை தருவது இதுதான். விற்பவர்கள் வாயே திறக்காத விஷயமும் இதுதான். நிமிடத்துக்கு 1,200 கன அடி காற்றை வெளியே தள்ளும் ஃபேனுக்கு அதே அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வர வேண்டும். வர வேண்டிய இடம் சாஃபிட், அதாவது கூரை சுவரைத் தாண்டி நீளும் இடத்தின் அடிப்பகுதியில் உள்ள துளைப் பட்டைகள். தொழிலில் சொல்லும் விதி: 300 கன அடிக்கு ஒரு சதுர அடி திறப்பு. 1,200க்கு நான்கு சதுர அடி. வலையும் சட்டமும் மறைப்பதைக் கழித்துவிட்டு, காற்று புகக்கூடிய நிகரப் பரப்பு நான்கு சதுர அடி.

எத்தனை வீடுகளில் அது இருக்கிறது? பழைய வீடுகளில் சாஃபிட் துளைகளை வருடக்கணக்கான பெயின்ட் பூச்சு அடைத்திருக்கும். புது வீடுகளில் இன்சுலேஷனை இயந்திரத்தால் ஊதிப் பரப்பியவர்கள் ஓரம்வரை ஊதி உள்பக்கம் மூடியிருப்பார்கள். வழியில்லாதபோது ஃபேன் அடுத்த சுலபமான வழியைத் தேடும். கூரையின் உச்சியில் ரிட்ஜ் வென்ட் என்ற நீளமான காற்றுத் திறப்பு இருந்தால், அதன் வழியே வெளிக்காற்றை இழுத்துப் பக்கத்திலேயே துப்பிவிடும். அட்டிக்கின் ஓரங்களில் உள்ள சூடு அசையாது. அதுவும் போதாதபோது சீலிங்கின் துளைகள். நாம் காசு கொடுத்துக் குளிர்வித்த காற்று குழி விளக்குகளின் வழியே மேலே ஏறி, கூரை வழியே தெருவுக்குப் போகும். அது போன இடத்தை நிரப்ப, ஜன்னல் இடுக்குகளிலும் கதவடியிலும் வெளியே உள்ள அனல் உள்ளே வரும். அட்டிக் குளிர்ந்ததாக மானி காட்டுவதற்கு, அதைக் குளிர்வித்தது நம் ஏசிதான் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். எனர்ஜி ஸ்டாரும் இதே எச்சரிக்கையைத் தருகிறது: சாஃபிட் அடைபட்டு, சீலிங்கும் சரியாக அடைக்கப்படாத வீட்டில், அட்டிக் ஃபேன் வீட்டுக்குள் உள்ள குளிர்ந்த காற்றையே உறிஞ்சிவிடும் என்று.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பழைய மாதிரி எரிவாயு வாட்டர் ஹீட்டரின் புகை, தன் சூட்டினாலேயே குழாயில் மேலேறிப் போவது. வீட்டுக்குள் காற்றழுத்தம் குறைந்தால் அந்தப் புகை திரும்பி உள்ளேயே வரும். அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கக்கூடும். வாசனையும் நிறமும் இல்லாத விஷம். டெக்சஸில் இந்த ஹீட்டரை அட்டிக்கிலேயே, அல்லது கராஜை ஒட்டிய அலமாரியில் வைப்பது வழக்கம். அப்படிப்பட்ட வீட்டில் அட்டிக்கிலிருந்து பலமாகக் காற்றை உறிஞ்சும் எந்தக் கருவியையும் பரிசோதனை செய்யாமல் பொருத்தக் கூடாது. இந்த ஒரு காரணத்துக்காகவே ஃபேன் வேண்டாம் என்று சொல்ல நான் தயங்க மாட்டேன்.

ஹியூஸ்டன்காரர்களுக்கு ஒரு கூடுதல் தொல்லை: வெளிக்காற்றே ஈரம் சொட்டும் காற்று. அதை மணிக்கணக்கில் அட்டிக்குக்குள் இழுத்தால், குளிர்ந்த டக்ட் குழாய்களின் உறை பிரிந்த இடங்களில் வியர்க்கும். அந்த நீர் சொட்டி, சீலிங்கில் பழுப்பு வட்டம் தெரியும்போது எல்லோரும் கூரை ஒழுகுவதாக நினைத்துக் கூரைக்காரரைக் கூப்பிடுவார்கள்.

சோலார் ஃபேன்

மின்சாரச் செலவு இல்லை என்பதால் மேலே போட்ட கணக்கில் பாதி அடிபட்டுப்போகிறது. புளோரிடா சூரிய ஆற்றல் மையம் 2000ஆம் ஆண்டு வாக்கில் ஒரு வீட்டில் இதை அளந்து பார்த்தது. ஏசிச் செலவில் ஏறத்தாழ 6 சதவீதம், வருடத்துக்குச் சுமார் 460 யூனிட் மிச்சம். இன்றைய டெக்சஸ் விலையில் 70 டாலர். ஒன்றுமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் பொருத்துக்கூலியோடு ஒரு ஃபேனுக்கே பல நூறு டாலர் கேட்கிறார்கள். அந்தப் பணம் திரும்புவதற்குள் மோட்டாருக்கு வயதாகிவிடும். வெயில் தாழ்ந்ததும் ஃபேனும் ஓய்ந்துவிடும். மாடி அறை மிகவும் புழுங்குவதோ அதற்குப் பிறகும் நீளும் நேரத்தில். ஆலங்கட்டி மழை பெய்யும் ஊரில் கூரையில் இன்னொரு துளை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

“30 சதவீதம் வரிச் சலுகை உண்டு” என்று இன்னும் யாராவது துண்டுப் பிரசுரம் நீட்டினால் நம்ப வேண்டாம். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தின்படி, வீட்டுச் சூரிய மின்சாரத்துக்கான சலுகையும், இன்சுலேஷன் போன்ற மேம்பாடுகளுக்கான சலுகையும் 2025 டிசம்பர் 31உடன் முடிந்துவிட்டன.

முதலில் துளை, பிறகு கனம்

என் தேர்வு எளிமையானது, கவர்ச்சியற்றது: அட்டிக்கில் ஏறி, சீலிங்கின் மேல்பக்கத் துளைகளை அடைப்பது, அதன்மேல் இன்சுலேஷனைக் கனமாக்குவது. பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டிப் பெருமைப்பட ஒன்றும் இருக்காது. வேலை முடிந்தபின் எதுவும் சுழலாது, எந்தச் சத்தமும் வராது.

வரிசை முக்கியம். இன்சுலேஷனை ஊதியபின் துளைகளைத் தேட முடியாது. முதலில் ஃபோம் டப்பாவும், இடுக்குகளை அடைக்கும் காக் பசைக் குழாயும் எடுத்துக்கொண்டு, உட்சுவர்களின் தலைக்கட்டை டிரைவால் என்ற சுவர் அட்டையைத் தொடும் இடங்கள், வயர் இறங்கும் ஓட்டைகள், குழாய்ப் பொந்துகள் எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். எரிவாயு ஹீட்டரின் புகைக்குழாயைச் சுற்றி மட்டும் ஃபோம் கூடாது. தகரப் பட்டையும் தீத்தாங்கும் பசையும்தான். பழைய குழி விளக்குகள் சூடேறுபவை; ‘இன்சுலேஷன் தொடலாம்’ என்று முத்திரை இல்லாதவற்றை மூடினால் தீ அபாயம். அவற்றை எல்இடி தட்டு விளக்குகளாக மாற்றிவிடுவது நல்லது. மடிப்பு ஏணிக்கு மேலே மூடும் பெட்டி கடையில் கிடைக்கிறது. அந்த ஒரு கதவே சிறு ஜன்னல் திறந்து கிடப்பதற்குச் சமமாகக் கசியும்.

அட்டிக்கில் இருக்கும்போதே இரண்டு விசிறிகளின் குழாய் எங்கே முடிகிறது என்று பார்த்துவிடுங்கள்: குளியலறை, சமையலறை. இரண்டும் கூரைக்கு வெளியே போக வேண்டும். அட்டிக்குக்குள்ளேயே விட்டுவிட்டுப் போன கட்டுநர்கள் உண்டு. தினமும் தாளிக்கும் வீட்டில் அடுப்புப் புகை அட்டிக்குக்குள் போனால், எண்ணெய்ப் பிசுக்கு இன்சுலேஷனில் படியும். அதை அப்படியே விட முடியாது.

பிறகு டக்ட் இணைப்புகள். துணி டேப் வெப்பத்தில் உரிந்து தொங்கும். மாஸ்டிக் என்ற பசையைத் தூரிகையால் பூச வேண்டும். டக்ட் கசிவை அடைப்பது, மாடிச் சூட்டுக்குப் பல வீடுகளில் இன்சுலேஷனைவிட வேகமாகப் பலன் தருகிறது. ஏனென்றால் மாடிக்குப் போக வேண்டிய குளிர்காற்று வழியிலேயே அட்டிக்கைக் குளிர்வித்துக்கொண்டிருந்தது.

கடைசியில்தான் இன்சுலேஷன். ஒரு அளவுகோலை எடுத்துக் குத்திப் பாருங்கள். ஆறேழு அங்குலம் என்றால் கட்டாயம் சேர்க்க வேண்டும். செல்லுலோஸ் என்றால் பதினான்கு அங்குலம், ஊதும் ஃபைபர் கிளாஸ் என்றால் அதற்கும் மேலே ஏற்றினால் ஆர்-49 கிடைக்கும். 2021 பதிப்புச் சர்வதேசக் குடியிருப்பு விதிகள் டல்லாஸ், ஹியூஸ்டன் இரண்டின் மண்டலத்துக்கும் அந்த அளவையே கேட்கின்றன. கூரை ஓரங்களில் சாஃபிட் காற்று ஏறுவதற்கு அட்டைத் தடுப்புகளை முதலில் பொருத்த வேண்டும். பெரிய ஹார்டுவேர் கடைகளில் போதுமான பைகள் வாங்கினால் ஊதும் இயந்திரத்தைக் கட்டணமில்லாமல் கொடுக்கிறார்கள். இரண்டு பேர் ஒரு சனிக்கிழமையில் முடித்துவிடலாம். ஜனவரி, பிப்ரவரியில் செய்யுங்கள். ஜூலை மதியத்தில் அட்டிக்கில் ஏறுவது உயிரோடு விளையாட்டு.

கொலுப் பெட்டிகளுக்கு ஒரு வார்த்தை. இன்சுலேஷன் அமுங்கினால் பலன் குறையும். ஏணி வாயருகே உயர்த்திய பலகை மேடை போட்டு அதன்மேல் மட்டும் வையுங்கள். கண்ட இடத்திலும் பரப்பி வைத்தால், போட்ட பணம் பெட்டிகளின் அடியில் நசுங்கிக் கிடக்கும்.

மாடியில் ஒரே ஓர் அறை மட்டும் சுடுகிறது, அதுவும் கராஜுக்கு மேலே உள்ள அறை என்றால், மேலே சொன்ன எதுவும் போதாது. அங்கே சூடு வருவது தரையிலிருந்தும், அறையின் பக்கவாட்டுக் குட்டைச் சுவர்களின் பின்னால் உள்ள சிறு அட்டிக்கிலிருந்தும்தான். அந்தச் சுவர்களின் பின்புறம் இன்சுலேஷன் சரிந்து விழுந்திருக்கும். கூரையில் எத்தனை ஃபேன் வைத்தாலும் அந்த அறைக்கு விடிவு கிடையாது.

மின்னும் பலகை, வெளிர் ஷிங்கிள், ஃபோம் கூரை

ரேடியன்ட் பேரியர் என்ற அலுமினியப் படலம், நோயின் மூலத்தையே தொடுகிறது. பலகையிலிருந்து கீழே பாயும் கதிர்வீச்சை அது மறிக்கிறது. வெயில் மிகுந்த ஊர்களில் குளிர்விக்கும் செலவில் 5 முதல் 10 சதவீதம் குறையலாம் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் மதிப்பீடு. அட்டிக்கில் டக்ட் ஓடும் வீடுகளில் இது ஃபேனைவிட நல்ல முதலீடு. ஆனால் வாங்குவதற்கு முன் டார்ச் அடித்து மேலே பாருங்கள். டெக்சஸின் புதிய குடியிருப்புகள் பலவற்றில் கூரைப் பலகையின் அடிப்பக்கமே படலம் ஒட்டியதாக வருகிறது. மின்னினால் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. படலத்தைக் கீழே, இன்சுலேஷன் மேல் விரித்துத் தருகிறேன் என்பவரை அனுப்பிவிடுங்கள். தூசி படிந்த சில வருடங்களில் அது வெறும் தகடு.

ஷிங்கிள் மாற்றும் நாள் எப்படியும் வரும். வட டெக்சஸில் அதை ஆலங்கட்டி தீர்மானிக்கும். அப்போது வெளிர் நிறம் கேளுங்கள், உச்சியில் ரிட்ஜ் வென்ட், ஓரத்தில் தொடர்ச்சியான சாஃபிட் கேளுங்கள். மோட்டார் இல்லாத இந்தக் காற்றோட்டம் அவசியமானதே. சீலிங் பரப்பில் 150இல் ஒரு பங்கு, மேலும் கீழுமாகச் சரிவரப் பிரித்தால் 300இல் ஒரு பங்கு திறப்பு என்ற விதி 1940களிலிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. அந்த விதிக்கு மூல காரணம் ஈரம்தான், வெயில் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

கூரைப் பலகையிலேயே ஃபோம் அடித்து அட்டிக்கை வீட்டுக்குள் சேர்த்துவிடுவது இன்னொரு வழி. டக்ட் பிரச்சினைக்கு இதைவிட முழுமையான தீர்வு இல்லை. புது வீடு கட்டுபவர்கள் தாராளமாக யோசிக்கலாம். குடியிருக்கும் வீட்டில் பல ஆயிரம் டாலர். எரிவாயுக் கருவிகளை, வீட்டுக் காற்றைத் தொடாமல் எரியும் மூடிய எரிப்பு வகைக்கு மாற்ற வேண்டும். கூரை ஒழுகினால் எங்கே என்று கண்டுபிடிப்பதும் கடினம். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கலிஃபோர்னியாவில் கதை வேறு

இதுவரை சொன்ன ஃபேனும் ஹோல் ஹவுஸ் ஃபேனும் ஒன்றல்ல. பெயர்களைக் குழப்பி விற்பவர்களும் வாங்குபவர்களும் நிறைய. ஹோல் ஹவுஸ் ஃபேன் மாடி நடையின் சீலிங்கில் இருக்கும். சாயங்காலம் வெளிக்காற்று அறையைவிடக் குளிர்ந்ததும் ஏசியை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து, இதைப் போட வேண்டும். வீட்டின் சூடான காற்று முழுவதும் அட்டிக் வழியே வெளியேற, ஜன்னல்களில் குளிர்ந்த காற்று வந்து நிறையும். இங்கே வீட்டுக் காற்றை உறிஞ்சுவதுதான் நோக்கமே.

இது பலிப்பதும் பலிக்காததும் இரவு எவ்வளவு குளிர்கிறது என்பதைப் பொறுத்தது. சாக்ரமென்டோவில் ஜூலை மாத மதியம் 94 டிகிரி அளவில் போனாலும், சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பக்கமிருந்து ஆற்று டெல்டா வழியே வரும் கடற்காற்று, பின்னிரவில் ஊரை 60 டிகிரிக்கு இறக்கிவிடும். சான் ரமோன், லிவர்மோர் பக்கமும் ஏறக்குறைய இதே சாயல். அங்கே விடியற்காலை வரை ஃபேனை ஓடவிட்டு, ஏழு மணிக்கு ஜன்னல்களைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டால், சுவரும் தரையும் சேர்த்து வைத்த குளிர் மதியம் வரை நிற்கும். ஃபேனுக்குச் சில நூறு வாட். ஏசிக்கு மூவாயிரம், நாலாயிரம். வடக்குக் கலிஃபோர்னியாவின் பெரிய மின் நிறுவனத்திடம் யூனிட்டுக்கு 40 சென்ட் அளவில் கொடுப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் பில்லில் முதல் மாதமே தெரியும். கலிஃபோர்னியாவின் டைட்டில் 24 கட்டட விதிகள், சாக்ரமென்டோ உட்பட உள்நாட்டு மண்டலங்கள் பலவற்றில் புதிய தனி வீடுகளுக்கான நிலையான தொகுப்பில் இந்த ஃபேனைச் சேர்த்திருப்பது சும்மா இல்லை.

டல்லாஸில் ஜூலை இரவின் குறைந்தபட்சமே 77 டிகிரி அருகில். ஹியூஸ்டனில் அந்த அளவு வெப்பத்தோடு ஈரமும் சேர்ந்திருக்கும். அங்கே இரவில் ஜன்னலைத் திறந்து இந்த ஃபேனைப் போட்டால், மறுநாள் காலை ஏசி முதல் வேலையாக மரச்சாமான்களும் மெத்தையும் குடித்த ஈரத்தை உலர்த்த வேண்டும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் சில வாரங்கள் பயன்படும். அதற்காக ஆயிரக்கணக்கில் செலவு செய்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஃபீனிக்ஸ் வறண்ட ஊர்தான், ஆனால் ஜூலை இரவுகள் 80க்குக் கீழே இறங்கவே யோசிக்கும்.

கலிஃபோர்னியாவில் வாங்குபவர்கள் மூன்றைக் கவனித்தால் போதும். ஃபேன் தள்ளும் காற்று அட்டிக்கிலிருந்து வெளியேற 750 கன அடிக்கு ஒரு சதுர அடி திறப்பு வேண்டும். மூடும் கதவு இன்சுலேஷன் உள்ளதாக இருக்க வேண்டும். பழைய பட்டைக் கதவு வகை என்றால், அது குளிர்காலம் முழுக்கச் சீலிங்கில் ஒரு ஓட்டைதான். எரிவாயு ஹீட்டர் இருக்கும் வீட்டில் ஜன்னலைத் திறக்காமல் ஒருபோதும் போடக் கூடாது; குழந்தைகள் எட்டும் சுவிட்சாக வைக்க வேண்டாம். காட்டுத்தீப் புகை சூழ்ந்த நாட்களில் ஃபேனுக்கு ஓய்வு. 2020 செப்டம்பரில் வானமே ஆரஞ்சு நிறமாக நின்ற நாளை விரிகுடாப் பகுதிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட நாட்களுக்காக ஏசியும் இருந்தாக வேண்டும்.

கூரையில் ஏற்கெனவே ஃபேன் இருந்தால்

வீடு வாங்கும்போதே முந்தைய உரிமையாளர் வைத்த ஃபேன் கூடவே வந்திருக்கலாம். உடனே கழற்ற வேண்டியதில்லை, சோதித்துப் பாருங்கள். வெயில் நேரத்தில் ஜன்னல், கதவு எல்லாவற்றையும் சாத்தி, ஏசியை நிறுத்தி, அட்டிக் ஃபேனை ஓடவிடுங்கள். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் குழி விளக்கின் ஓரத்திலும், அட்டிக் கதவின் இடுக்கிலும், குளியலறை விசிறியின் விளிம்பிலும் பிடியுங்கள். புகை மேலே இழுபட்டால், வெளியே போவது உங்கள் குளிர்காற்று. அதே சமயம் யாராவது ஒருவர் எரிவாயு ஹீட்டர் எரியும்போது அதன் புகைக்குழாயின் அடி வாயருகே ஊதுபத்தியைக் காட்ட வேண்டும். புகை உள்ளே போகாமல் அறைப்பக்கம் திரும்பினால் அந்த நிமிடமே ஃபேனின் பிரேக்கரை இறக்கிவிட்டு, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, சான்றிதழ் உள்ள ஒருவரைக் கூப்பிட்டு ஹீட்டரைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒவ்வொரு தளத்திலும் இருக்கிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள்.

ஊதுபத்திச் சோதனையில் தேறினாலும், பழைய மோட்டாரின் தாங்கி தேய்ந்து சத்தம் போட்டால் ஓடவிட வேண்டாம். வெப்பத் தடைச் சுவிட்ச் இல்லாத பழைய மோட்டார்கள் இறுகி நின்று, சூடேறித் தீப்பிடிக்கக்கூடியவை. அட்டிக்கில் புகை எச்சரிக்கைக் கருவி யாரும் வைப்பதில்லை. பிரேக்கரை இறக்கியே வைத்திருங்கள். அடுத்த முறை ஷிங்கிள் மாற்றும்போது ஃபேனைக் கழற்றி, அந்தத் துளையைப் பலகை வைத்து மூடி, ரிட்ஜ் வென்ட் போடச் சொல்லி ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தனியாகக் கேட்டால் தனிக் கூலி. கூரை வேலையோடு சேர்த்துக் கேட்டால் பெரும்பாலும் கொசுறாகவே செய்து கொடுப்பார்கள்.